சீட்டு இல்லாத விதைக்கிழங்கு மூட்டையை வாங்காதீர்கள்

ஊட்டிப் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு நடப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு விதை வாங்கப் போங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடம் உண்டு. நெடுங்காலம் புல் மண்டிக் கிடந்தது. உருளைக்கிழங்கையே கண்டிராத மண். சுற்றியுள்ள விளைநிலங்களில் முட்டைக்கூட்டு நூற்புழு என்ற, உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் நுண்ணிய புழு இருப்பதால் ரகத்தில் மிகவும் கவனமாக இருந்தேன். இந்தப் புழு இந்தியாவில் முதன்முதலில் 1961-இல் நம் நீலகிரியில்தான் கண்டறியப்பட்டது. 1968-இல் வெளிவந்த குப்ரி ஜோதி என்ற ரகம் கருகல் நோயைத் தாங்கும், நூற்புழுவைத் தாங்காது. இரண்டையும் தாங்குவதற்காக இந்த மலைக்கென்றே 1985-இல் வந்தது குப்ரி சுவர்ணா. அதைத்தான் கேட்டேன்.

"சுவர்ணாதாங்க, கண்ணை மூடிக்கொண்டு நடுங்கள்" என்றார் வியாபாரி. கிலோ எழுபது ரூபாய். 45 கிலோ மூட்டை.

அவிழ்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சில கிழங்குகளில் முளைவிடும் கண்கள் மேலாக இருந்தன, சிலவற்றில் குழிந்திருந்தன. எல்லாவற்றிலும் ஈர மண் அப்பியிருந்தது. மூட்டை வாயில் சீட்டு எதுவும் இல்லை. சான்று பெற்ற விதை என்றால் நீல நிறச் சீட்டு சேர்த்துத் தைத்திருக்கும். ரகம், குவியல் எண் எல்லாம் அதில் இருக்கும். கேட்டதற்கு, "வழியில் கிழிந்திருக்கும்" என்றார். சித்திரை மழை தொடங்கிவிட்ட அவசரத்தில் நட்டுவிட்டேன்.

பூ வந்தபோது குட்டு வெளிப்பட்டது. பாதிச் செடிகளில் வெள்ளை, மீதியில் ஊதா. ஒரே ரகம் இப்படிப் பூக்காது. சந்தைக்கு வந்த கறிக்கிழங்கைக் கலந்து மூட்டை கட்டியிருக்கிறார்கள்.

அறுபதாம் நாள் கிழங்கு பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு செடியை மண்ணோடு தோண்டினேன். வேரில் குண்டூசித் தலையைவிடச் சிறிய மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தன. அடுத்தடுத்துத் தோண்டியதில் நான்கு செடிகளில் அதே மணிகள். நூற்புழுக் கூடுகள். கிழங்கில் அப்பியிருந்த அந்த மண்ணோடு வந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள். இருபது ஆண்டுகள்கூட மண்ணில் உயிரோடு கிடக்கும். முதல் போகத்தில் செடி வாடுவதில்லை, ஓரளவு விளைச்சலும் வந்துவிடும். அதனால் ஏமாந்ததே பலருக்குத் தெரியாமல் போகிறது. தக்காளி, கத்தரியிலும் இதே புழு பெருகும். அம்மா ஆசையாக வைத்த தக்காளி நாற்றுகளையும் பிடுங்க வேண்டியதாயிற்று. இனிச் சில ஆண்டுகளுக்குக் கேரட், பூண்டு, முட்டைக்கோசு மட்டும்தான்.

நியாயம் கேட்கப் போனேன். ரசீதை எடுத்துப் பார்த்தால் 'கிழங்கு 45 கிலோ' என்று மட்டும் எழுதியிருந்தது. விதை என்ற சொல்லும் இல்லை, ரகத்தின் பெயரும் இல்லை. "நீங்கள் சமைக்க வாங்கினீர்களோ என்னவோ" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். பணம் போனதைவிட அந்தப் பேச்சுதான் இன்னும் எரிகிறது. ரசீதில் 'விதைக்கிழங்கு' என்றும் ரகத்தின் பெயரையும் எழுதி வாங்காமல் பணத்தை நீட்டாதீர்கள். புகார் செய்ய அது ஒன்றுதான் பிடி.

இந்தப் போகத்தில் சீட்டில்லாத மூட்டை வாங்கி நட்டிருந்தால், இரண்டு மாதத்தில் நான்கைந்து செடிகளின் வேரைத் தோண்டிப் பாருங்கள். மணி தெரிந்தால் அந்தக் கிழங்கை யாருக்கும் விதைக்குக் கொடுக்காதீர்கள். மண்வெட்டியையும் செருப்பையும் கழுவாமல் வேறு பாத்திக்குள் கால் வைக்காதீர்கள். மூட்டை வந்த அன்றே கோத்தகிரியில் இருக்கும் அக்காவுக்கு ஐந்து கிலோ கொடுத்து அனுப்பியிருந்தேன். மணிகளைப் பார்த்த உடனே அவளுக்குப் போன் செய்தேன். அதை நட்டு, செடிகளுக்கு இரண்டாம் முறை மண் அணைத்து முடித்துவிட்டதாகச் சொன்னாள்.