வெயிலில் கருக்கும் கண்ணாடி: வேலூர் வெயிலுக்கு ஒத்து வருமா?

பவர் கண்ணாடி மாற்றக் கடைக்குப் போனால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது: "போட்டோகுரோமிக் போட்டுடலாமா சார்? வெளியே போனா கூலிங் கிளாஸ், உள்ளே வந்தா சாதா கண்ணாடி." நானும் போட்டுக்கொண்டேன். வேலூரின் கோடை, மழை இரண்டிலும் போட்டுப் பார்த்துவிட்டேன், நடுவில் ஊட்டிக்கும் கொண்டுபோனேன். பொருள் நல்ல பொருள். ஆனால் குளிர்ந்த ஊரில் அது செய்கிற வேலையை எல்லா ஊரிலும் செய்யும் என்று சொல்லி விற்கிறார்கள், அதுதான் சரியில்லை.

கடையில் என்ன செய்கிறார்கள்? ஏசி அறையில் ஒரு சின்ன ஊதா டார்ச்சை லென்ஸ் மேல் அடிக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்டமாகக் கருத்துப்போகிறது. அதைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, மே மாதம் மதியம் ஒரு மணிக்கு ரோட்டில் நின்றால் லென்ஸ் நடுத்தரச் சாம்பல் நிறத்தோடு நின்றுவிடும். வெயில் அதிகமானால் இன்னும் கருக்க வேண்டாமா, ஏமாற்றிவிட்டார்களா என்று தோன்றும். லென்ஸில் பழுது இல்லை, அதன் வேதியியலே அப்படி. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

இப்போது வரும் பிளாஸ்டிக் லென்ஸ்களில் நாஃப்தோபைரான், ஸ்பைரோஆக்சசீன் மாதிரியான சாயங்கள் இருக்கின்றன. சும்மா இருக்கும்போது இவற்றுக்கு நிறமில்லை. புற ஊதாக் கதிர் பட்டதும் மூலக்கூறில் ஒரு கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு அறுந்து வளையம் திறக்கிறது, மூலக்கூறு தட்டையாக விரிந்து கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சத் தொடங்குகிறது. இது முன்னோக்கு வினை. திறந்த வளையம் தானாகவே மூடிக்கொள்வது பின்னோக்கு வினை, அதற்கு வெளிச்சம் தேவையில்லை, சுற்றியிருக்கிற சூடே போதும். வெயிலில் நிற்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே எண்ணிக்கையில் இருக்கிற டவுன் பஸ்ஸில் கூட்டம் மாறாமல் இருப்பது போல, திறக்கிற வேகமும் மூடுகிற வேகமும் சமமானதும் லென்ஸின் கருமை ஒரு அளவில் நின்றுவிடுகிறது. உள்ளே எதுவும் நிற்கவில்லை, நிறம் மட்டும்தான் நிற்கிறது.

இப்போது வெப்பநிலையைக் கொண்டு வாருங்கள். திறக்கிற வேகத்தைப் பெரும்பாலும் புற ஊதாக் கதிரின் அளவுதான் தீர்மானிக்கிறது. மூடுகிற வேகமோ வெப்பத்தோடு எகிறுகிறது. ஸ்வீடன் வேதியியலாளர் ஆர்ரீனியஸ் 1889-இல் எழுதிய சமன்பாடு இங்கே அப்படியே வேலை செய்கிறது: கிளர்வு ஆற்றல் என்ற தடையைத் தாண்டுகிற மூலக்கூறுகள் சூடு ஏற ஏறப் பெருகும். பத்து டிகிரி கூடினால் வேகம் சுமார் இரண்டு மடங்கு என்று வகுப்பில் சொல்வோமே, அது துல்லியமான விதி இல்லை, ஆனால் ஒரு மதிப்பீட்டுக்குப் போதும். 40 டிகிரியில் வளையங்கள் திறந்த கொஞ்ச நேரத்திலேயே மூடிக்கொள்வதால் எந்த நொடியில் எண்ணினாலும் திறந்தவை குறைவு, கருமையும் குறைவு. (இதை வேதிச் சமநிலை என்று முழுசாகச் சொல்லிவிட முடியாது. ஒளி தொடர்ந்து ஆற்றலைக் கொட்டிக்கொண்டே இருப்பதால் நிற்கிற நிலை இது, சமநிலை மாறிலி போட்டுக் கணக்குப் பண்ண முடியாது. ஆனால் இரண்டு வேகங்கள் சமமாவது என்ற கருத்தைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை.)

நம்ப முடியாவிட்டால் பழைய லென்ஸ் ஒரு ஜோடி இருந்தால் செய்து பாருங்கள். ஒன்றை ஐஸ் தண்ணீர்க் கிண்ணத்திலும், இன்னொன்றைக் கை பொறுக்கிற வெந்நீரிலும் போட்டு இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வெயிலில் வையுங்கள். கொதிநீர் வேண்டாம், மேல்பூச்சு வெடித்துவிடும். ஒரே சூரியன்தான், ஆனால் ஐஸ் கிண்ணத்து லென்ஸ் நன்றாகக் கருத்திருக்கும், வெந்நீரில் இருப்பது லேசான சாம்பலோடு நிற்கும். அப்புறம் இரண்டையும் அப்படியே நிழலுக்குக் கொண்டு வாருங்கள். வெந்நீரில் இருப்பது சட்டென்று வெளுக்கும். ஐஸில் இருப்பது வெகுநேரம் விடாது.

ஊட்டியில் நடந்ததும் இதுதான். அங்கே உயரத்தால் புற ஊதாக் கதிர் அதிகம், குளிரால் மூடுகிற வேகம் குறைவு, அதனால் கடைக்காரர் சொன்ன கருமை முழுசாகக் கிடைத்தது. ஆனால் டீக்கடைக்குள் நுழைந்த பிறகும் கண்ணாடி தெளிய மாட்டேன் என்றது. நல்ல கருமையும் சீக்கிரத் தெளிவும் ஒரே லென்ஸில் சேர்ந்து வராது, ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும்.

கார் ஓட்டும்போது போடுவதற்காக மட்டும் என்றால் இதை வாங்காதீர்கள். முன் கண்ணாடியின் நடுவில் இருக்கிற பிளாஸ்டிக் படலம் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும், அப்புறம் லென்ஸ் எதை வைத்துக் கருக்கும்? பைக்கிலும் பாலிகார்பனேட் வைசரை மூடினால் இதே கதைதான். கார் ஓட்டுகிறவர்களுக்கென்று கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் வினைபுரிகிற தனி வகை உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும். மற்றபடி கருமை குறைவாக இருக்கிறதே, கண் கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். நல்ல லென்ஸ் வெளுத்திருக்கும்போதும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும்.

1960-களில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் கொண்டுவந்த பழைய வகை நிஜக் கண்ணாடி, அதில் வெள்ளி குளோரைடு நுண்படிகங்களும் துளித் தாமிரமும் இருக்கும். ஒளி பட்டால் வெள்ளி அணுக்கள் திரண்டு கருக்கும், ஒளி போனால் பழையபடி அயனிகளாகும். எதுவும் வெளியே தப்ப வழியில்லாததால் அது வருஷக்கணக்கில் சளைக்காமல் முன்னும் பின்னும் போகும். கனமும் உடையும் பயமும் இல்லையென்றால் அதையே சொல்வேன். பிளாஸ்டிக்கில் இருக்கிற சாயமோ கரிமச் சேர்மம், திறந்து மூடுவதற்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜனோடு சேர்ந்து திரும்ப முடியாத பாதையில் போய்விடுகிறது. இரண்டு மூன்று வருஷத்தில் லேசான மஞ்சள் ஏறி, கருக்கும் அளவும் குறையும்.

வாங்கப் போகிறவர்கள் டார்ச் வித்தையைப் பார்த்து முடிவு பண்ணாமல், 35 டிகிரியில் எவ்வளவு கருக்கும் என்று கம்பெனி அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். வழக்கமாக விளம்பரத்தில் வருவது 23 டிகிரி அளவு. ஒரு பக்கம் கீறல் விழுந்து மாற்ற வேண்டி வந்தால் இரண்டு லென்ஸையும் சேர்த்தே மாற்றுங்கள், புதுசும் பழசும் ஒரே வேகத்தில் கருக்காது, வெயிலில் ஒரு கண் இருட்டாகவும் ஒரு கண் வெளிச்சமாகவும் தெரியும்.