முதலில் வளைவா, விறைப்பா? வயதான பின் பெய்ரோனி நோய்க்கு எதைத் தேர்வது

62 வயதில் ஒருநாள் குளிக்கும்போது ஆணுறுப்பின் மேற்பக்கத்தில், தோலுக்கு அடியில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தடிப்பு கையில் பட்டது. அடுத்த இரண்டு மாதங்களில் விறைப்பின்போது வலி, அப்புறம் மேல்நோக்கி ஒரு வளைவு. மருத்துவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "இதை எப்படி நேராக்குவது?" அவரோ, "விறைப்பு முன்பு போல உறுதியாக இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டார். எரிச்சலாக இருந்தது. ஆனால் அதற்கு நான் சொல்லும் பதில்தான் எந்தச் சிகிச்சை எனக்குப் பொருந்தும் என்பதை முடிவு செய்யும் என்று பிறகு புரிந்தது.

ஆணுறுப்புக்குள் இரத்தம் நிரம்பும் இரண்டு குழல்களைச் சுற்றி உறுதியான உறை ஒன்று இருக்கிறது. அதில் சிறு காயம் பட்டு, ஆறும்போது தழும்பு விழுந்துவிடுகிறது. விறைக்கும்போது தழும்பு விரிவதில்லை, மற்ற பக்கம் விரிகிறது, அதனால் வளைகிறது. 1743-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பிரான்சுவா டி லா பெய்ரோனி இதை விவரித்ததால் அவர் பெயரே நோய்க்கு நிலைத்தது. இது புற்றுநோய் அல்ல, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் அல்ல. இந்த இரண்டையும் கேட்டாலே பாதி பயம் போய்விடும்.

முதல் தேர்வு, காத்திருப்பதா, உடனே இறங்குவதா என்பது. வலியும் வளைவும் மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் அறுவை சிகிச்சை கூடாது. தழும்பு நிலைபெற ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். வளைவு குறைந்தது மூன்று மாதமாவது மாறாமல் இருக்க வேண்டும். வலி பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். வளைவு பெரும்பாலோருக்குத் தானாக நேராகாது. இந்த இடைவெளியில்தான் பலர் வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரை என்று வாங்கிக் குவிக்கிறார்கள். அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கத்தின் வழிகாட்டுதல் இவற்றை வேண்டாம் என்றே சொல்கிறது. அதிர்வலைச் சிகிச்சை வலியைக் குறைக்கலாம், வளைவைக் குறைக்காது. அதை வளைவுக்காகப் பரிந்துரைப்பவரிடம் கவனமாக இருங்கள்.

மாத்திரை போடாமல் செய்யக்கூடியது இழுவைக் கருவி. உறுப்பை மெல்ல நீட்டிப் பிடித்து வைப்பது. பழைய கருவிகளைப் பல மணி நேரம் அணிய வேண்டியிருந்தது. புதிய வகைகளுக்கு நாளுக்கு 30 முதல் 90 நிமிடம் போதும். இதன் எதிர்ப்பக்கம் கொலாஜெனேஸ் ஊசி. தழும்பைக் கரைக்கும் நொதியை நேரே தழும்புக்குள் செலுத்துவது. 2013-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 30 டிகிரிக்கு மேல் வளைவு உள்ளவர்களுக்கானது. நான்கு சுற்றுகளில் அதிகபட்சம் எட்டு ஊசிகள். அனுமதிக்கு அடிப்படையான ஆய்வுகளில் வளைவு சராசரியாக 34 சதவீதம் குறைந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 18 சதவீதம். அதாவது 60 டிகிரி 40 ஆகலாம், பூஜ்யம் ஆகாது. வீக்கமும் கன்னிப்போவதும் சாதாரணம். உறை கிழிவது அரிது, ஆனால் நேர்ந்தால் அவசர அறுவை சிகிச்சை. எனக்கு இழுவைக் கருவியே பிடித்தது. அதற்குப் பொறுமை மட்டும்தான் தேவை, அது என்னிடம் இருந்தது. ஊசிக்கு இருந்த முக்கிய நிபந்தனை அப்போது என்னிடம் இல்லை: மருந்தின் துணையோடாவது விறைப்பு நன்றாக இருக்க வேண்டும்.

இங்கேதான் வயதானவர்களின் கதை இளைஞர்களுடையதிலிருந்து பிரிகிறது. அறுபதுக்கு மேல் பலருக்கு வளைவு, விறைப்புத் தளர்ச்சி இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம், புகை ஆகியவற்றால் இரத்தக் குழாய்கள் சுருங்கி விறைப்பு தளர்கிறது. தளர்ந்த உறுப்பு உறவின்போது மடங்கி மீண்டும் காயப்படுகிறது. அதனால் என் வரிசை இதுதான்: முதலில் உறுதி, அப்புறம் நேராக்கல். உறுதி இல்லாத உறுப்பை நேராக்கி என்ன பயன்?

விறைப்புக்கு முதலில் மாத்திரை. சில்டெனாஃபில் 1998-இல் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன் எடுத்தால் சுமார் நான்கு மணி நேரம் வேலை செய்யும், கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு தாமதமாகும். தடலாஃபில் 36 மணி நேரம் வரை நிற்கும். தினமும் 5 மில்லிகிராம் எடுக்கும் முறையும் உண்டு. கடிகாரம் பார்க்க வேண்டாத இந்த இரண்டாவதுதான் நீண்டகாலத் தம்பதிகளுக்கு இயல்பானது என்பேன். புராஸ்டேட் வீக்கத்தால் இரவில் எழுந்து எழுந்து போகிறவர்களுக்கு அதிலும் உதவும். ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் இரண்டையும் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும். இன்னொன்று, விறைப்புத் தளர்ச்சி சில ஆண்டுகள் கழித்து வரும் இதயநோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். மாத்திரை கேட்கப் போன இடத்தில் இதயத்தையும் பரிசோதித்துவிடுங்கள்.

மாத்திரை ஒத்துவராதவர்களுக்கு வெற்றிடக் குழாய். அடியில் ஜெல் தடவி, ஒளிபுகும் குழாயை உடலோடு அழுத்தி, கைப்பம்பால் காற்றை இழுக்கும்போது உறுப்பு மெல்லப் பருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அப்புறம் அடியில் ரப்பர் வளையம், 30 நிமிடத்துக்கு மேல் கூடாது. தொட்டால் சற்றுக் குளிர்ந்திருக்கும், அடிப்பகுதியில் ஆட்டம் இருக்கும். முதல் இரவு என் மனைவி விளக்கை அணைக்காமல் வளையத்தை மாட்ட உதவினார். அந்த உதவி இல்லாமல் நான் இரண்டாம் முறை முயன்றிருக்க மாட்டேன். வளைவு அதிகமானவர்களுக்குக் குழாய்க்குள் இடிக்கும். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். உறுப்பின் பக்கவாட்டில் போடும் ஆல்ப்ரோஸ்டாடில் ஊசி இதைவிட உறுதியான விறைப்பு தரும். ஆனால் திரும்பத் திரும்பக் குத்துவதால் புதுத் தழும்பு வரலாம் என்பதால், பெய்ரோனி உள்ளவருக்கு அதை நான் கடைசியில்தான் வைப்பேன். நான்கு மணி நேரம் இறங்காவிட்டால் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

சரி, அறுவை சிகிச்சை. உறுதி நன்றாக இருந்து, வளைவு மட்டும் உறவைத் தடுத்தால், வளைவின் எதிர்ப்பக்கத்தை மடித்துத் தைப்பது எளிது. நேராகும், நீளம் கொஞ்சம் குறையும். 60 டிகிரிக்கு மேல் வளைந்தாலோ நடுவில் இடுப்புபோலச் சுருங்கியிருந்தாலோ தழும்பை வெட்டி ஒட்டுத்திசு வைப்பார்கள். நீளம் ஓரளவு காக்கப்படும், ஆனால் விறைப்பு தளரும் அபாயம் கூடும். ஏற்கெனவே தளர்ந்தவருக்கு இது தப்பான வழி.

மாத்திரைக்கு அசையாத தளர்ச்சியும் வளைவும் சேர்ந்தால் உள்வைப்பு ஒன்றே இரண்டையும் தீர்க்கிறது. உள்ளே இரண்டு உருளைகள், அடிவயிற்றில் திரவப் பை, விதைப்பையில் சின்ன பம்ப். சில முறை அழுத்தினால் எழும்பும், பொத்தானை அழுத்தினால் தணியும். வளைவு மீந்தால் அதே மேசையில் கையால் எதிர்ப்பக்கம் மடக்கிச் சரிசெய்கிறார்கள். உணர்ச்சியும் உச்சமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் திரும்ப வழியில்லை: இயற்கை விறைப்பு இனி வராது. தொற்று அபாயம் உண்டு, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு அதிகம். நான் இன்னும் தடலாஃபிலிலேயே ஓடுகிறேன்; அது நின்றுபோனால் ஒட்டுத்திசுவைத் தாண்டி நேரே இதற்குத்தான் போவேன்.

எதைத் தேர்ந்தாலும் முதல் சந்திப்புக்கு இரண்டு படங்கள் எடுத்துப் போங்கள். வீட்டில் விறைப்பு வரும்போது மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. அறுவை என்று முடிவானால், அதற்கு முந்தைய நாள் உறுப்பை நீட்டிப் பிடித்த நீளத்தை அளந்து எழுதி உங்கள் கையிலும் ஒரு நகல் தரச் சொல்லுங்கள். நோயே எவ்வளவு நீளத்தைத் தின்றுவிட்டது, கத்தி எவ்வளவு எடுத்தது என்ற சண்டை பின்னால் எழுந்தால், அந்தத் தாள் ஒன்றுதான் பதில் சொல்லும்.