மொறிஸ் மைனர் டிஸ்ட்ரிபியூட்டர்: இரண்டு ஸ்பிரிங்கும் மட்டக்களப்பு உப்புக்காற்றும்

"மச்சான், பழைய டிஸ்ட்ரிபியூட்டரக் கழட்டி எறிஞ்சிட்டு எலக்ட்ரோனிக் ஒண்டு போடவா?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். வண்டி 1098 சிசி மொறிஸ் மைனர். டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது பிளக்குகளுக்குத் தீப்பொறியை நேரம் பார்த்துப் பங்கிடும் சாமான், லூக்காஸ் 25டி4. கல்முனை ரோட்டில் ஒரு குறையும் இல்லை. செங்கலடியால் பதுளைக்குப் போகும்போது, பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் நொக் பண்ணுகிறதாம், என்ஜினுக்குள் தட்டுகிற மாதிரிச் சத்தம். பொயின்ட் (தீப்பொறிக்காகக் கரண்டை அறுக்கும் முனை), கொண்டென்சர், கொயில், பிளக் எல்லாம் புதுசு. 92-ஐ விட்டு 95 பெற்றோலும் அடித்துப் பார்த்தாயிற்று. பொயின்ட் பூட்டியிருக்கும் பேஸ் பிளேட்டைத் தூக்கி அதற்குக் கீழே மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். இங்கே "டைமிங் வைக்கிறது" என்றால் டிஸ்ட்ரிபியூட்டரின் பொடியை (வெளிக்கூட்டை) திருகி, சத்தம் நல்லா இருக்கிற இடத்தில் இறுக்குவது. அது தொடக்கப் புள்ளி மட்டும். 800 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு மில்லிசெக்கனில் 4.8 டிகிரி திரும்பும், 4000-இல் 24 டிகிரி. பெற்றோல் எரிய எடுக்கும் நேரம் அதே அளவுக்குக் குறையாது. ஆகவே வேகம் கூடக் கூடத் தீப்பொறி முந்த வேண்டும், வேகம் குறைந்தால் பின்னுக்கு வர வேண்டும். இதைச் செய்வது பேஸ் பிளேட்டுக்குக் கீழே சுற்றும் இரண்டு வெயிட்டும் இரண்டு ஸ்பிரிங்கும்: வேகம் கூடினால் வெயிட் விரிந்து தீப்பொறியை முந்த வைக்கும், குறைந்தால் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்கும். கரண்ட் இல்லை, மூளை இல்லை, அறுபது வருசமாக வேலை செய்கிறது. சரியாக இருக்கும்போது கல்லடிப் பாலம் இறங்கி மூன்றாம் கியரில் மிதித்துப் பாருங்கள், இழுவை ஒரு இடத்திலும் தடக்காமல் ஏறும். இந்த வண்டியில் எனக்கு இதைவிடப் பிடித்த விசயம் வேறு இல்லை.

நண்பரின் வண்டியில் வெயிட் விரிந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறேன். மட்டமான ரோட்டில் ஒரே வேகத்தில் ஓடும்போது விரிந்து நிற்பதுதான் தேவை, அதனால் குறை தெரியாது. ஏற்றத்தில் ஆர்பிஎம் விழுகிறது, பாரம் கூடுகிறது, தீப்பொறியோ முந்தியே நிற்கிறது. நொக் அங்கே பிறக்கிறது. அதை நிறுத்த யாராவது பொடியைப் பின்னுக்குத் திருப்பினால் ஏற்றத்தில் சத்தம் போகும், கல்முனை ரோட்டில் வண்டி சோம்பலாகி என்ஜின் சூடேறும். சுற்றுக் கம்பி போட்டு ஸ்டார்ட் பண்ணுகிறவர்கள் இன்னும் கவனம்: விரிந்தபடி ஒட்டியிருந்தால் கம்பி திருப்பி அடிக்கும், மணிக்கட்டு போய்விடும்.

சோதிக்க ஒரு சாமானும் வேண்டாம். மூடியைக் கழற்றி, ரோட்டரைப் பிடித்து அது சுற்றும் பக்கமாக, மைனரில் இடஞ்சுழியாக, திருப்பி விடுங்கள். டக்கென்று திரும்ப வேண்டும். மெதுவாக ஊர்ந்து வந்தால், அல்லது வராமலே நின்றால், பழைய எண்ணெய் பிசினாகி, வாவிக் காற்றின் துருவும் சேர்ந்து விட்டது. நிறுத்தி வைத்த வண்டிகளில் இது இன்னும் மோசம்.

கழற்றும்போது பொடியை இறுக்கும் பிஞ்ச் போல்ட்டைத் தொடாதீர்கள். கிளாம்ப் பிளேட்டை புளொக்கில் பிடிக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றினால் டைமிங் மாறாமல் முழுசாக வெளியே வரும். அடியில் என்ஜினோடு கொழுவும் டோக் (பல்) நடுவிலிருந்து விலகி இருப்பதால் திரும்பப் போடும்போது மாறிப் போகாது. உள்ளே பொயின்ட்டைத் திறக்கும் கேம் அப்படி இல்லை. அதை 180 டிகிரி மாற்றியும் போடலாம், பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகாது. ரோட்டர் காடி எந்தப் பக்கம், எந்த ஸ்பிரிங் எந்தக் கொழுவியில் என்று போனில் படம் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பேஸ் பிளேட்டின் சின்ன ஏர்த் வயரையும் வளைத்துப் பாருங்கள், உறைக்குள்ளே அறுந்து கிடக்கும், வெளியே தெரியாது. வெயிட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, முளைகளைத் துடைத்து மெல்லிய எண்ணெய் ஒரு துளி. அவ்வளவுதான்.

இப்போது ஸ்பிரிங். ஒன்று மெல்லியது, கொழுவிகளுக்கு நடுவில் தளர்வில்லாமல் நிற்கும். மற்றது தடித்தது, அதன் வளையம் நீளமாகத் தொளதொளவென்று கிடக்கும். அது தேய்மானம் இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். முதலில் மெல்லியது மட்டும் இழுபட்டு அட்வான்ஸ், அதாவது தீப்பொறி முந்தும் அளவு, விரைவாக ஏறும், வளையத்தின் இடைவெளி முடிந்ததும் தடித்தது பிடித்து ஏற்றத்தைத் தணிக்கும். "இது லூஸ்" என்று குறட்டால் அந்த வளையத்தை நெருக்கி விட்ட டிஸ்ட்ரிபியூட்டர்களைக் கையில் எடுக்கும்போது மனசு நோகும். பிறகு அட்வான்ஸ் பிந்தித்தான் வரும்.

மெல்லியது நீண்டு போனால் வேறு கரைச்சல். வெயிட் ஐட்லிங்கிலேயே விரிந்து நிற்கும். ஐட்லிங்கில் டைமிங் லைட் (தீப்பொறியோடு சேர்ந்து மின்னும் லைட்) அடித்து டைமிங் வைத்தால், வெயிட் விரிந்து ஏற்கெனவே செலவான டிகிரியையும் சேர்த்து எண்ணி விடுவீர்கள், மேலே மொத்தம் குறையும். கேமின் அடித்தட்டில் குத்தியிருக்கும் எண் டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி, கிராங்குக்கு அது இரட்டிப்பு. 12 என்றிருந்து, கீழே 5 வைத்தால் மேலே 24-உம் சேர்ந்து 29.

அதைப் பார்க்க, கிராங்க் புலியின் (முன்னால் பெல்ட் ஓடும் சில்லின்) சுற்றளவை நூலால் அளந்து 12-ஆல் பிரியுங்கள். அது 30 டிகிரி. புலி விளிம்பில் உள்ள காடியிலிருந்து என்ஜின் சுற்றும் பக்கமாக அந்தத் தூரத்தில் வெள்ளைப் புள்ளி வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வக்யூம் குழாயைக் கழற்றி அடைத்து, மெல்ல ரேஸ் பண்ணி லைட் அடியுங்கள். புள்ளி என்ஜினில் உள்ள டைமிங் குறிக்குக் கிட்ட ஒழுங்காக ஏறி வந்து நிற்க வேண்டும், ரேஸ் விட்டதும் திரும்ப வேண்டும். இதற்கு முன் பொயின்ட் இடைவெளி 0.015 அங்குலம் சரியாக இருக்க வேண்டும், அது மாறினால் டைமிங்கும் மாறும்.

இனி எலக்ட்ரோனிக். மூடிக்குள் போடும் மொடியூல் பொயின்ட்டை மட்டும்தான் மாற்றும், வெயிட் ஒட்டினால் ஒட்டினபடியே இருக்கும், லுணுகலையில் நொக் பண்ணும். வாங்குவதென்றால் பொசிட்டிவ் ஏர்த்துக்கு (பற்றரியின் பொசிட்டிவ் முனை வண்டி உடலில் கொழுவியிருப்பது) உரியதா என்று கேளுங்கள், மைனர் கடைசி வரை பொசிட்டிவ் ஏர்த். முழுசாகப் புதுசு என்று விற்கும் மலிவு டிஸ்ட்ரிபியூட்டர்களிலும் உள்ளே இதே வெயிட்தான், ஸ்பிரிங் எந்த என்ஜினுக்கென்று பெட்டியில் ஒரு வரி இல்லை. தனியாக வரும் ஸ்பிரிங் பக்கெட்டும் அப்படித்தான்.

இவ்வளவு மெச்சினாலும், ஒவ்வொரு வருசமும் வாடைமழைக்கு முன், ஒக்டோபரில், இதைத் திறக்க உங்களுக்குப் பொறுமை இல்லையென்றால் வைத்திருக்க வேண்டாம் என்றே சொல்வேன். வெயிட்டே இல்லாத, எந்த வேகத்தில் எவ்வளவு முந்துவது என்பதைக் கணினியே பார்க்கும் ஒன்றைக் காசு சேர்த்துப் போடுங்கள். திறப்பதென்றால் ரோட்டருக்குக் கீழே ஃபெல்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் இரண்டு துளி என்ஜின் ஒயில், மூன்றாவது துளி பொயின்ட்டில் தெறிக்கும். எதைப் போட்டாலும் கழற்றிய பழைய ஸ்பிரிங் இரண்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். அந்த என்ஜினுக்கென்று அளந்து செய்தது அவை மட்டும்தான்.