இடுப்பெலும்பு முறிவில் கிழிந்த பெரிய சிரை: பேக்கிங்கா, கட்டா, ஸ்டென்ட்டா?

இடுப்பெலும்பு நொறுங்கினால் ரத்தம் பெரும்பாலும் சிரைகளிலும் உடைந்த எலும்பிலும்தான் போகிறது. தமனி ஆஞ்சியோவில் (சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படத்தில்) கசிவில்லை, ஆனாலும் ரத்த அழுத்தம் நிலைக்கவில்லை என்றால், காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் ரத்தத்தை மேலே கொண்டுபோகும் இலியாக் சிரையைச் சந்தேகிக்க வேண்டும். சாயம் தமனியில் இருக்கும்போது எடுக்கும் தமனிக் கட்ட சி.டி.யை மட்டும் நம்பினால் இது கண்ணில் படாமல் போகலாம்; சாயம் சிரைக்கு வந்தபின் எடுக்கும் சிரைக் கட்டமும் தேவை.

முதலில் பேக்கிங், அதாவது துணி திணித்து அழுத்தி ரத்தத்தை நிறுத்துவது. இடுப்புப் பட்டையைத் தொடையெலும்பின் மேற்புடைப்புகளுக்கு நேராக இறுக்கிவிட்டு, அடிவயிற்றில் 6–8 செ.மீ. கீறி, வயிற்றுறைக்கு வெளியே பக்கத்துக்கு 3 மாப் துணிகளைத் திணிப்பார்கள். 24–48 மணி நேரத்தில் எடுத்தாக வேண்டும். சின்னச் சிரைகளுக்கு இதுவே தாராளம். இலியாக் சிரையின் மேற்பகுதியான பொது இலியாக் சிரையின் பெரிய கிழிசல் இதற்கு அடங்காமல் போகலாம்.

திறந்து தைப்பது கேட்க எளிது. ஆனால் உறைந்து அழுத்திக்கொண்டிருந்த ரத்தக்கட்டைத் திறந்ததும் மடை திறந்தாற்போல் கொட்டும். காற்றும் சிரைக்குள் புகலாம். இடப்பக்கச் சிரை வலப்பக்கத் தமனிக்கு அடியில் கிடப்பதால், சில நேரம் அந்தத் தமனியையே வெட்டி, பிறகு இணைக்க வேண்டியிருக்கும். உடல் குளிர்ந்து உயிர் போகிற நிலையில் சிரையைக் கட்டிவிடுவது தோல்வியல்ல. கால் வீங்கும், தசைகளை மூடிய உறைக்குள் அழுத்தம் ஏறினால் அந்த உறையைக் கீறிவிட வேண்டும்.

உறையிட்ட ஸ்டென்ட் (துணிபோன்ற உறை போர்த்திய கம்பிவலைக் குழாய்) அந்த ரத்தக்கட்டைக் கலைக்காமல் உள்ளிருந்தே அடைக்கிறது. அடிபட்ட பக்கத் தொடைச் சிரையை அல்ட்ராசவுண்டில் பார்த்துக் குத்தி, ஸ்டென்ட்டுக்கு வழிகாட்டும் வயரைக் கிழிசலுக்கு அப்பால் கடத்த வேண்டும். கடக்கவில்லையா, கழுத்துச் சிரை வழியாக முயலலாம். பலூனை ஊதி வைத்தால் ரத்தம் ஏற்ற அவகாசம் கிடைக்கும்.

சறுக்குவது அளவில்தான். ரத்தம் இழந்த சிரை சுருங்கிக் கிடக்கும். அப்போது 10 மி.மீ. என்று அளந்தது, ரத்தம் ஏற்றியபின் 14 ஆகலாம். தளர்ந்த ஸ்டென்ட் நேராக வலது இதயத்துக்குப் போய்விடலாம். ரத்தம் ஏற்றியபின் சிரைக்குள்ளேயே செலுத்தும் அல்ட்ராசவுண்டில் அளப்பதும், மறுபக்கச் சிரையோடு ஒப்பிடுவதும் நல்லது. 10–20% பெரிதாகத் தேர்வு செய்யலாம். கால் தமனிக்கான உறை ஸ்டென்ட்கள் பெரும்பாலும் 13 மி.மீ.யோடு முடிவதால், மகாதமனி வீக்கத்துக்கான உறை ஸ்டென்ட்டின் கிளைக்குழாயை எடுக்க நேரும். அதைச் சிரைக்குள் செலுத்தும் உறைக்குழாயும் தடிமன். இடுப்புக்குள்ளிருந்து வந்து சேரும் உள் இலியாக் சிரையின் வாயை மூடினாலும் அதன் வழியாக ரத்தம் பின்னோக்கி வந்து கசியலாம்.

ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாதிருக்க ஹெபாரின் என்ற உறைதடுப்பு மருந்து வேண்டும். தலையிலும் அடிபட்டிருந்தால் உடனே தர முடியாது. எங்கள் கணிப்பில், பேக்கிங்கிற்குப் பிறகும் கசிகிற, ஆனால் ஆஞ்சியோ மேசைவரை தாங்குகிறவருக்கே ஸ்டென்ட் முதல் தேர்வு. குடல் கிழிந்து இடுப்புக்குள் மலம் கலந்திருந்தால் அந்நியப் பொருளை வைக்கத் தயங்க வேண்டும். அங்கே கட்டிவிடுவதே மேல்.