கப்பா, தராசா? குன்னூர் அடுப்படிக்கு எது ஒத்துவரும்

சமவெளிக்காரர் எழுதின கேக் குறிப்பை அப்படியே குன்னூரில் செய்தால் பல நேரம் நடுவில் குழி விழும். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. பேக்கிங் பவுடர் விடும் வாயு அதிகமாக விரிந்து, கேக் வெந்து நிற்பதற்கு முன்பே உப்பி அமுங்கிவிடும். அதனால் இங்கே பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் குறைத்து, மைதாவை ஒரு டேபிள்ஸ்பூன் கூட்டுவது வழக்கம். ஒரு டேபிள்ஸ்பூன் மைதா சுமார் 8 கிராம்தான். இந்த 8 கிராமை மதிக்கும் அளவு முறை எது என்று பார்த்தால் போட்டி பாதி முடிந்துவிடும்.

கப் என்றால் முதலில் எந்தக் கப்? அமெரிக்கக் கப் 237 மில்லி, மெட்ரிக் கப் 250, ரைஸ் குக்கரோடு வருவது பெரும்பாலும் 180 அல்லது அதற்கும் குறைவு. சரி, ஒரே கப்பையே வைத்துக்கொள்வோம். மைதாவைச் சலித்து, ஸ்பூனால் அள்ளிப் போட்டுத் தலைதட்டினால் 120 கிராம் பக்கம் வரும். அதே கப்பை டப்பாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 145-ஐத் தாண்டிவிடும். 25 கிராம் ஏறி இறங்கும் இடத்தில் 8 கிராம் திருத்தம் எந்த மூலைக்கு?

இணையத்தில் கிடைக்கும் கப்-கிராம் பட்டியல் அடுத்த போட்டியாளர். சர்க்கரைக்கு 200, தண்ணீருக்கு 237 என்று சொல்லும் வரை நம்பலாம், அவை அவ்வளவாக அமுங்காத பொருள்கள். மைதாவுக்கு வந்தால் ஒன்றில் 120, இன்னொன்றில் 125, வேறொன்றில் 140. எழுதினவர் எப்படி அள்ளினார் என்பது பட்டியலில் இருக்காது.

தராசின் அருமை மார்கழியில்தான் தெரியும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கும். கத்தியால் பெயர்த்துக் கப்பில் போட்டால் துண்டுகளுக்கு நடுவே பாதி காற்று. உருக்கி அளக்கலாம், ஆனால் அதற்கு ஒரு அடுப்பு, ஒரு பாத்திரம், ஒரு கழுவல். தராசில் உறைந்த 100 கிராமும் உருகின 100 கிராமும் ஒன்றுதான். தேனுக்கு இன்னும் சுலபம்: பாட்டிலை டிஜிட்டல் தராசில் வைத்து பூஜ்ய பட்டனை அழுத்தி, தேனை ஊற்றிவிட்டுத் திரும்ப வைத்தால் மைனஸில் எவ்வளவு போனது என்று காட்டும். அரைக் கப் என்றால் 170 கிராம். கப்பில் ஒட்டிக்கொண்டதை வழிக்கும் வேலை இல்லை. உருண்டை வெல்லத்தை அளப்பதற்காக இடிக்கவும் வேண்டாம்.

மலையில் ஈர்ப்பு விசை குறைவு, தராசு ஏமாற்றும் என்று சொல்கிறவர்கள் உண்டு. உயரத்தால் வரும் வித்தியாசம் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம்கூட இல்லை. ஈரம்தான் உண்மையான வம்பு. மழை நாளில் பசுந்தேயிலையை எடை போடும்போது தண்ணீருக்கென்று கழிப்பார்களே, அதுபோல மழைக்காலத்தில் திறந்து கிடந்த மைதாவின் எடையிலும் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்திருக்கும். டப்பாவை இறுக்கி மூடுவதைத் தவிர இதற்குத் தராசிடம் பதில் இல்லை.

ஈஸ்ட், சோடா மாவு, உப்பு போன்ற சிட்டிகைச் சமாச்சாரங்களில் தராசு தோற்கும். ஒவ்வொரு கிராமாக மட்டும் காட்டும் மெஷினில் 3 கிராம் ஈஸ்ட் என்பது ஏறக்குறைய ஊகம். தலைதட்டின டீஸ்பூனே மேல். ஆனால் கல் உப்பைத் தூள் உப்புக் கணக்கில் போடாதீர்கள், அதே ஸ்பூனில் எடை குறைவாகத்தான் வரும்.

சோற்றுக்கும் உப்புமாவுக்கும் தராசைத் தூக்குவது வெட்டி வேலை. அங்கே அளவைவிட விகிதம்தான் முக்கியம். அரிசியும் தண்ணீரும் ஒரே ஆழாக்கில் அளந்தால் போதும்.

என் ஓட்டு: கேக், பிஸ்கட், ரொட்டிக்குத் தராசு, சிட்டிகைக்கு ஸ்பூன், மற்றதற்கெல்லாம் கப். ஊரார் பட்டியலுக்குப் பதில், உங்கள் கப்பில் உங்கள் கை அள்ளும் மைதா, ரவை, சர்க்கரையை ஒருமுறை நிறுத்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். எந்தக் கப் என்பதையும் மேலே எழுதிவிடுங்கள். அந்தக் கப் தொலைந்தால் பட்டியலும் செல்லாது, புதுக் கப்பில் மறுபடி நிறுத்தே ஆக வேண்டும்.