ஆட்டோகேட் ஸ்டாண்டர்ட்ஸ் செக்கர்: மதுரை டிராயிங் ஆபீசுக்கு எவ்வளவு உதவும்?

ஒரே ஆபீசில் நாலு பேர் வரைகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் சுவருக்கு 'வால்' என்று லேயர் (கோடுகளை வகைவாரியாகப் பிரித்து வைக்கும் அடுக்கு) போடுகிறார், அடுத்தவர் 'வால்1'. மூன்றாமவர் கான்ட்ராக்டர் அனுப்பிய கோப்பிலிருந்து காப்பி எடுத்ததால் 'ஏ-வால்' என்று ஒன்று தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. மூன்று சுவரும் மூன்று தடிமனில் இருப்பது பிளாட் (பேப்பரில் பிரின்ட்) எடுக்கும்போதுதான் தெரியும். அண்ணாநகர் பக்கம் வீட்டு பிளான் போடும் ஆபீசிலும் இதே தொல்லை, கப்பலூர் சிட்கோவில் ஃபேப்ரிகேஷன் டிராயிங் போடும் இடத்திலும் இதே தொல்லை. இதைப் பிடிக்கும் ஸ்டாண்டர்ட்ஸ் செக்கர் என்ற வசதி, கம்ப்யூட்டரில் டிராயிங் வரையும் முழு ஆட்டோகேட்டிலேயே இருக்கிறது. திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு. வசதி குறைந்த எல்டி பதிப்பில் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

அமைப்பது அரை நாள் வேலை. சரியான லேயர், டெக்ஸ்ட் ஸ்டைல், டைமன்ஷன் ஸ்டைல், லைன்டைப் மட்டும் உள்ள ஒரு டிராயிங் தயாரித்து, மற்றதை பர்ஜ் பண்ணி (நீக்கி), சேவ் ஆஸில் டிடபிள்யூஎஸ் (ஸ்டாண்டர்ட்ஸ் கோப்பு) வகையாகச் சேமிக்க வேண்டும். 'ஸ்டாண்டர்ட்ஸ்' கமாண்டில் அந்தக் கோப்பை டிராயிங்கோடு இணைத்து, 'செக்ஸ்டாண்டர்ட்ஸ்' கொடுத்தால் ஒவ்வொரு பிழையாகக் காட்டும். பெயர் ஒன்றாக இருந்து கலர் மட்டும் மாறியிருந்தால் ஃபிக்ஸ் அழுத்தினால் போதும். பெயரே பட்டியலில் இல்லாத 'வால்1' மாதிரி லேயருக்கு எதை மாற்றாக வைப்பது என்று நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு டிடபிள்யூஎஸ் இணைத்து, அவை தமக்குள் முரண்பட்டால், பட்டியலில் மேலே இருப்பது செல்லும். டிராயிங் டிராயிங்காக இணைப்பதைவிட, புது டிராயிங் தொடங்கும் மாதிரிக் கோப்பான டெம்ப்ளேட்டிலேயே இணைத்துவைப்பது நல்லது.

நிறைய டிராயிங்கை ஒரே மூச்சில் பார்க்க பேட்ச் செக்கர் என்று தனி புரோகிராம் கூடவே வருகிறது. ரிப்போர்ட் தரும், திருத்தாது. திருத்தாததே நல்லது, அப்ரூவலுக்குப் போய்விட்ட டிராயிங்கில் யாரும் கேட்காமல் லேயர் மாறினால் அது வேறு வம்பு.

இனி குறை. இந்தச் செக்கர் பார்ப்பது மேலே சொன்ன நாலே வகைதான், அதுவும் பெயருள்ள அமைப்புகளை மட்டும். சரியான லேயரில் ஒரு கோட்டை வரைந்து, அதன் கலரை பைலேயரிலிருந்து (லேயரின் கலரையே எடுத்துக்கொள்ளும் அமைப்பு) சிவப்புக்கு மாற்றிவிட்டால் இதன் கண்ணில் படாது. அதற்கு 'செட்பைலேயர்' கமாண்டைத் தனியாக ஓட்ட வேண்டும். டைட்டில் பிளாக் (ஷீட்டில் பெயர், விவரம் எழுதும் கட்டம்) பழையதா, சிடிபி கோப்பு (பிரின்டில் கலர், கோட்டின் தடிமனைத் தீர்மானிப்பது) சரியா, ஷீட் ஏ1 தானா (594 × 841 மிமீ) என்பதெல்லாம் இதன் கணக்கிலேயே வராது.

அதைவிட ஆபத்து யூனிட். மதுரையில் வீட்டு பிளான் அடி-அங்குலத்தில் ஓடுகிறது, கதவு ஜன்னல் பிளாக் (ஒருமுறை வரைந்து திரும்பத் திரும்ப வைக்கும் படம்) பெரும்பாலும் மில்லிமீட்டரில் வரைந்தது. 900 மிமீ கதவு பிளாக்கில், அதன் அலகைச் சொல்லும் 'இன்ஸ்யூனிட்ஸ்' மதிப்பு 4 (மிமீ) என்று இருந்தால், அங்குல டிராயிங்கில் 35.43 அங்குலமாக ஒழுங்காக இறங்கும். மதிப்பு 0 (அலகு குறிக்கவில்லை) என்றால், அந்தக் கம்ப்யூட்டரின் 'இன்ஸ்யூனிட்ஸ்டெஃப்சோர்ஸ்' அமைப்பைப் பார்த்து ஆட்டோகேட் முடிவு பண்ணும். அங்கே அங்குலம் என்று இருந்தால் 900 அங்குலம், அதாவது 75 அடிக் கதவு! இந்த அமைப்பு டிராயிங்கோடு போகாமல் கம்ப்யூட்டரிலேயே தங்குவதால், ஒரே பிளாக் ஒரு மேஜையில் சரியாக வரும், பக்கத்து மேஜையில் தெருவையே மறிக்கும். பிளாக் நூலகத்தில் ஒரு கோப்பும் 0 என்று இருக்கக்கூடாது என்பதை எழுத்தில் வைக்க வேண்டும்.

எழுத்தில் என்றால் எதில்? இங்கேதான் பல ஆபீஸ் சறுக்குகிறது. ஸ்டாண்டர்ட் பிடிஎஃப் ஒன்றை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதோடு வேலை முடிந்துவிடுகிறது. ஆறு மாதத்தில் அவரவர் போனில் அவரவர் பதிப்பு. ஆவணம், டிடபிள்யூடி (டெம்ப்ளேட் கோப்பு), டிடபிள்யூஎஸ், சிடிபி, ஃபான்ட் எல்லாம் சர்வரில் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். எழுதும் உரிமை ஒருவருக்கு, மற்றவர்களுக்குப் படிக்க மட்டும். பழைய பதிப்பு வேறு ஃபோல்டருக்குப் போகட்டும். இசட் டிரைவ், ஒய் டிரைவ் என்று எழுத்து வைத்துப் பாதை கொடுக்காதீர்கள், ஆளுக்கு ஆள் அது மாறும். சர்வர் பெயரில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுங்கள். ஆப்ஷன்ஸில் டெம்ப்ளேட் செட்டிங்ஸுக்குப் போய், கியூநியூ (புது டிராயிங் தொடங்கும் கமாண்ட்) திறக்கும் டெம்ப்ளேட்டாக அந்த டிடபிள்யூடியைக் காட்டிவிட்டால், புது டிராயிங் ஒவ்வொன்றும் அங்கிருந்தே பிறக்கும். 2018 ஃபார்மேட்டில் சேமித்த டெம்ப்ளேட்டை 2014 பதிப்பு திறக்காது. மிகப் பழைய மெஷின் எதுவோ அதற்கேற்ற ஃபார்மேட்டில் சேமியுங்கள்.

ஆவணம் பத்துப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பக்கத்தில் திருத்த எண், தேதி, என்ன மாறியது, ஏன் மாறியது. 'ஏன்' இல்லாத விதியை மூன்றாம் மாதம் யாரும் மதிப்பதில்லை. 'எழுத்து உயரம் 250' என்று மட்டும் எழுதாமல், '1:100ல் பேப்பரில் 2.5 மிமீ வர, மாடலில் 250 மிமீ' என்று எழுதினால், 1:50க்கு 125 என்பதைப் படிப்பவரே போட்டுக்கொள்வார். கட்டட டிராயிங்குக்கு ஐஎஸ் 962, மெக்கானிக்கலுக்கு எஸ்பி 46 என்று இந்தியத் தர ஆவணங்களை அடிப்படையாகக் குறித்தால் போதும். அவற்றை அப்படியே தட்டச்சு செய்து பக்கம் நிரப்ப வேண்டாம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019லிருந்து செட்பேக் (கட்டடத்தைச் சுற்றி விடும் காலியிடம்) அளவுகளை எடுத்து இதில் ஒட்டவும் வேண்டாம். விதி திருத்தப்பட்டால் உங்கள் ஆவணம் பொய் சொல்லத் தொடங்கும். விளக்கம் தமிழில் இருக்கட்டும். ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் முடித்து வரும் பிள்ளைகளுக்கு அதுதான் சட்டென்று ஏறும்.

தமிழ் என்றதும் இன்னொன்று. டைட்டில் பிளாக்கில் உரிமையாளர் பெயரைத் தமிழில் போட்டால் ஆட்டோகேட்டின் சொந்த எஸ்எச்எக்ஸ் ஃபான்ட்டில் கேள்விக்குறிகளாக வரும். யூனிகோடு அல்லாத பாமினி ஃபான்ட்டில் அடித்தால், அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். யூனிகோடு டிடிஎஃப் ஒன்றைத் தேர்ந்தெடுத்து டெக்ஸ்ட் ஸ்டைலில் பூட்டிவிடுங்கள். பிளாட்டர் கடைக்கு டிடபிள்யூஜி (டிராயிங் கோப்பு) கொடுக்காமல் பிடிஎஃப் கொடுப்பது இன்னும் நிம்மதி; சிடிபி இல்லாமல் போன டிராயிங் அங்கே கலர் கலராக வந்து நிற்கும்.

ஐந்து பேருக்கு மேல் வரையும் இடம் என்றால் இந்தச் செக்கரைக் கட்டாயம் அமையுங்கள், ஐந்துக்கு நாலு மதிப்பெண் கொடுக்கலாம். இரண்டு பேர் ஆபீசுக்கோ எல்டி வைத்திருப்பவர்களுக்கோ பூட்டிய டெம்ப்ளேட்டும் நாலு பக்க ஆவணமும் போதும். வெளியிலிருந்து வரும் கோப்பை மட்டும் நேராகப் பேஸ்ட் பண்ணாமல், தனியாகத் திறந்து ஆடிட் (கோப்பின் பிழை சரிபார்ப்பு), பர்ஜ் முடித்து, லேயரை மாற்றிய பிறகு உள்ளே விடுங்கள்.