வெற்றுக் கட்டங்களோடு ஒரு வீடு: சுங்கை டுவாவில் எந்தப் பணத்தை நம்பி இறங்குவது?

என் தம்பி மகன் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் குளிர்சாதனக் கருவி பொருத்தும் தொழில் செய்கிறான். ஆறு வருடங்களாகச் சொந்தத் தொழில். வாடிக்கையாளர்கள் கையில் ரொக்கமாகத் தருகிறார்கள், அவனும் எதையும் ரொக்கமாகவே வாங்குகிறான். வேன்கூட அப்படி வாங்கியதுதான். சென்ற மாதம் தன் கடன் வரலாற்றைக் காட்டும் சிசிரிஸ் அறிக்கையை அச்சடித்துக் கொண்டுவந்து மேசையில் விரித்தான். “ஒரு கரும்புள்ளிகூட இல்லை, பார்த்தீர்களா பெரியப்பா?” என்றான்.

கரும்புள்ளி இல்லைதான். அதில் வேறு எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல். மத்திய வங்கியான பேங்க் நெகாரா வைத்திருக்கும் அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு கடனுக்கும் நேரே 12 மாதக் கட்டங்கள் இருக்கும். 0 என்றால் பாக்கி இல்லை. 1 என்றால் ஒரு மாதத் தவணை நிற்கிறது. வங்கி அதிகாரியின் கண் வரிசையாக நிற்கும் பூஜ்யங்களைத் தேடும். பூஜ்யம் வாங்கினால் பாராட்டுக் கிடைக்கிற தேர்வு நான் அறிந்தவரை இது ஒன்றுதான். இவனோ அந்தத் தேர்வையே எழுதாதவன்.

அவன் கண் வைத்திருப்பது பினாங்குத் தீவின் சுங்கை டுவாவில் ஓர் அடுக்குமாடி வீடு. விலை 3 லட்சம் வெள்ளி (ரிங்கிட்). மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அருகில் இருப்பதால் மாணவர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விடலாம் என்பது கணக்கு. வங்கி 90 விழுக்காடு கொடுத்தாலும் 30,000 வெள்ளி முன்பணம் வேண்டும். வழக்கறிஞர் கட்டணம் வாங்கும் ஒப்பந்தத்துக்கு 3,750, கடன் ஒப்பந்தத்துக்கு ஏறத்தாழ 3,375. முதல் வீடு என்பதால் முத்திரை வரியில் விலக்குக் கிடைக்கும். இல்லையென்றால் அதற்கு இன்னும் 6,000க்கு மேல். மீதி 270,000 வெள்ளியை 4 விழுக்காட்டு வட்டியில் 35 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை 1,195 வெள்ளி அளவில் வரும்.

முதலில் சாதாரண வீட்டுக் கடனையும் அரசு உத்தரவாதக் கடனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சாதாரணக் கடனில் வீட்டில் நீங்கள் குடியிருக்கிறீர்களா, வாடகைக்கு விடுகிறீர்களா என்பது வங்கிக்குப் பெரிய விஷயமில்லை. வருமானத்துக்குச் சான்று வேண்டும், அவ்வளவுதான். சம்பளச் சீட்டு இல்லாதவன் வருமான வரிக்கான ‘பி’ படிவத்தையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் காட்ட வேண்டும். இவன் படிவத்தில் காட்டியிருக்கும் வருமானம் உண்மையில் சம்பாதிப்பதில் பாதிகூட இல்லை. வரியில் மிச்சம் பிடித்த பணத்துக்கு இப்போது வங்கியில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்து என் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

உத்தரவாதக் கடன் இவனைப் போன்றவர்களுக்காகவே வந்தது. வீட்டுக் கடன் உத்தரவாத நிறுவனம், மலாய்ச் சுருக்கத்தில் எஸ்.ஜே.கே.பி., நிலையான சம்பளம் இல்லாத சிறு வியாபாரிகளுக்கும் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கும் வங்கியிடம் பொறுப்பேற்கிறது. 5 லட்சம் வெள்ளி வரை கடன் கிடைக்கும், முன்பணம் இல்லாமலும் முடியும். ஆனால் அது முதல் வீடாக இருக்க வேண்டும், வாங்குபவர் அதில் குடியிருக்க வேண்டும். முதலீட்டாளர் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிறவருக்கு அங்கே இடமில்லை. “வாங்கிவிட்டு வாடகைக்கு விட்டால் யாருக்குத் தெரியும்?” என்று கேட்டான். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கையெழுத்துப் போட்ட உறுதியை மீறுவதுதான் அது. அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தினேன்.

வாடகை கட்டியபடியே வாங்கும் திட்டம் அவனுக்கு முதலில் பிடித்திருந்தது. மேபேங்க் 2017இல் தொடங்கிய ஹவுஸ்கீ அந்த வகை. 10 விழுக்காடு முன்பணம் கிடையாது. மூன்று மாத வைப்புத்தொகை கட்டிவிட்டுக் குடியேறலாம், வாங்கும் உரிமை கையில் இருக்கும். வாங்கும் வரை வீடு வங்கியின் பெயரில்தான் இருக்கும், சிசிரிஸையும் பார்க்காமல் விடமாட்டார்கள். குடியிருப்பவனுக்கு அது காலம் வாங்கிக் கொடுக்கும். வாடகை வருமானத்துக்காக வாங்குபவனுக்கு அந்தச் செருப்பு கால் அளவுக்குப் பொருந்தாது.

அடுத்த யோசனை அக்காளோடு சேர்ந்து வாங்குவது. அவள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். சம்பளச் சீட்டு, சேமநிதி, கார்க் கடனில் வரிசையாகப் பூஜ்யங்கள் என்று எல்லாம் இருக்கின்றன. விண்ணப்பம் மறுநாளே பாஸாகும். எல்லா வழிகளிலும் எளிதானது இதுதான். நான் அதிகம் தயங்கியதும் இதற்குத்தான். கூட்டுக் கடன் இருவர் கணக்கிலும் முழுதாக ஏறும். 2010 நவம்பரிலிருந்து மூன்றாவது வீட்டுக் கடனுக்கு 70 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. அதாவது ஒவ்வொருவரிடமும் இருப்பது 90 விழுக்காட்டுச் சீட்டு இரண்டு. தம்பிக்காக அக்காள் அதில் ஒன்றைக் கிழித்துக் கொடுக்கிறாள். பட்டாவிலும் பெயர் ஏறினால் முதல் வீடு வாங்குபவருக்கான முத்திரை வரி விலக்கும் அவளுக்கு இல்லாமல் போய்விடும். அவளுக்கு அடுத்த ஆண்டு கல்யாணம். நாளை மாப்பிள்ளையோடு வீடு பார்க்கும்போது இது நினைவுக்கு வரும், தம்பிக்கும் அக்காளுக்கும் நடுவே வந்து உட்காரும்.

முன்பணத்துக்கான வழிகள் தனி. அம்மாவின் நகையை அடகு வைக்கலாம். அடகுக் கடையில் யாரும் சிசிரிஸ் கேட்பதில்லை. ஆனால் மாதத்துக்கு 2 விழுக்காடு வரை வட்டி. 30,000 வெள்ளிக்கு அது மாதம் 600, வீட்டுத் தவணையில் பாதி. அர்-ரஹ்னு எனப்படும் இஸ்லாமிய அடகில் வட்டிக்குப் பதில் பாதுகாப்புக் கூலி வாங்குகிறார்கள், பெரும்பாலும் குறைவாகவே வரும், யார் வேண்டுமானாலும் வைக்கலாம். ஆறேழு மாதத்தில் மீட்க முடியும் என்ற உறுதி இருந்தால் நகை ஒரு வழி. இல்லையென்றால் வீடும் கைக்கு வராது, சங்கிலியும் திரும்பாது.

கூட்டுப் பிடிப்பது, அதாவது பலர் மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து எடுப்பது, இன்னொரு வழி. நம் ஆட்களிடம் இது ஆழமாக வேரூன்றிய பழக்கம். ஆனால் இந்த நாட்டில் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற நம் சொல் இருக்கிறது, உள்ளே ‘சீட்டு’ என்பதும் வருகிறது. மலேசியச் சட்டப் புத்தகத்தில் தமிழுக்குக் கிடைத்த இடம் தடைப் பட்டியலில்! ஆனால் பலர் சேர்ந்து சிறுகச் சிறுகப் போட்டு நிலம் வாங்குவதற்கு நேரான வழியும் இங்கே இருந்தது. 1960இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டத் தொழிலாளர்கள் மாதாமாதம் கொடுத்த பணத்தில்தான் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அங்கே பதிவும் கணக்கும் இருந்தன. தெருவில் பிடிக்கும் கூட்டில் தலைவி ஊரைவிட்டுப் போனால் நீங்கள் யாரிடம் போய் நிற்பீர்கள்?

உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர் சட்டப்படி ஈட்டுக் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடும் ஈடில்லாக் கடனுக்கு 18 விழுக்காடும் வாங்கலாம். வாடகை வருமானம் அதைத் தாங்காது. விளக்குக் கம்பத்தில் தொலைபேசி எண் ஒட்டும் வட்டி முதலைகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஒரு வழியை மட்டும் அவனுக்கு நான் சொல்லித் தரவில்லை. அவனே கேட்டுக்கொண்டு வந்தான். விலையை 3 லட்சத்து 40,000 என்று ஒப்பந்தத்தில் எழுதி, அதற்கு 90 விழுக்காடு கடன் வாங்கினால் முன்பணமே தேவையில்லையாம். பல வருடங்களுக்கு முன் எனக்கும் ஒரு முகவர் இதையே காதோரம் சொன்னார். வங்கியிடம் பொய் விலை காட்டுவது மோசடி. இவன் விஷயத்தில் இன்னொரு கோணமும் உண்டு: வீடு உண்மையில் 3 லட்சம் பெறும், கடனோ 3 லட்சத்து 6,000. வாங்கிய ஓராண்டுக்குள் விற்க நேர்ந்தால் கையிலிருந்துதான் போட வேண்டியிருக்கும்.

வங்கி ஏலத்தில் விலை குறைவுதான். ஏலம் எடுத்த அன்றே 10 விழுக்காடு கட்டிவிட்டு, பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்துக்குள் மீதியையும் கட்ட வேண்டும். கடன் பாஸாகுமா என்றே தெரியாதவன் போய் நிற்கும் இடமல்ல அது.

நிலச் சொத்தில் பணம் இருக்க வேண்டும் என்பது மட்டும் ஆசையென்றால் பங்குச் சந்தையில் ரெய்ட் எனப்படும் நிலச்சொத்து முதலீட்டு நிதிகளின் அலகுகள் இருக்கின்றன. கர்னி பிளாசா, குவீன்ஸ்பே மால் போன்ற பேரங்காடிகளின் வாடகையில் ஒரு துளி நமக்கும் வரும். குறைந்தது 100 அலகுகள் வாங்கினால் போதும், பலவற்றுக்குச் சில நூறு வெள்ளியே ஆகும். கடன் வரலாறு பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். “ஆனால் சாவி கிடையாதே பெரியப்பா,” என்றான். அதுவும் சரி. சாவிக் கொத்தைக் கையில் ஆட்டிப் பார்க்கும் ஆசைக்கு மாற்று கிடையாது.

என் யோசனையை அவன் அரை மனதோடு ஏற்றுக்கொண்டான். ஜூன் 30க்குள் ‘பி’ படிவத்தில் வருமானத்தை உள்ளபடி காட்டுவது. சிறிய வரம்புள்ள கடன் அட்டை ஒன்றை வாங்கி, வேனுக்கு டீசல் போட மட்டும் பயன்படுத்தி, மாதக் கடைசியில் முழுவதையும் கட்டுவது. ஓராண்டு கழித்து எஸ்.ஜே.கே.பி.யில் விண்ணப்பித்து, பட்டர்வொர்த்திலேயே தனக்குக் குடியிருக்க ஒரு வீடு. சுங்கை டுவா இரண்டாவது 90 விழுக்காட்டுச் சீட்டுக்குக் காத்திருக்கட்டும்.

நேற்று டீசல் ரசீதைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். 62 வெள்ளி. அடியில் எழுதியிருந்தான்: “முதல் பூஜ்யத்துக்கு விண்ணப்பித்துவிட்டேன்.”